சொந்த லாரி எடுக்கலாமா?

6 ஜூலை 2025, ஆலங்குளத்திலிருந்து ஒரு வாசகர்

பல வருஷமாக அடுத்தவர் லாரி ஓட்டுகிறேன். சம்பளம், பேட்டா எல்லாம் சேர்த்து வீடு ஓடுகிறது, மிச்சம் இல்லை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பழைய பத்துச் சக்கர வண்டி 15 லட்சத்துக்கு வருகிறது. கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதி 11 லட்சத்துக்குத் தனியார் ஃபைனான்ஸ், வருஷத்துக்கு நூற்றுக்கு 10 வட்டி, நாலு வருஷம். எல்லாம் போக மாதம் 60,000 நிற்கும் என்று புரோக்கர் அடித்துச் சொல்கிறார். நானே ஓட்டுவதால் டிரைவர் சம்பளமும் மிச்சம். எடுக்கலாமா, வேண்டாமா? சொந்த வண்டி ஓட்டுகிற அண்ணாச்சி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

7 ஜூலை

நான் ஓட்டுகிறேன். ஊர் தாழையூத்து. பத்துச் சக்கரம், பி.எஸ்.4, அதாவது பழைய புகை விதிப்படி செய்த வண்டி.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, நானே எடுத்தவன். ஆனால் அந்த 60,000 எப்போது நிற்கும் என்று புரோக்கரிடம் கேட்டீர்களா? வண்டி நிற்காமல் ஓடினால் நிற்கும். நிற்காமல் ஓடுகிற லாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் தெரிந்த செலவு. இங்கிருந்து சென்னை ஏறக்குறைய 620 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 155 லிட்டர். 92 ரூபாய் சொச்சத்துக்கு டீசலே 14,000க்கு மேல். சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று தொடங்கி பரனூர் வரைக்கும் சுங்கச்சாவடி. ஏற்றுக்கூலி, எடை மேடை, தார்ப்பாய்க்கு ஆள் வைத்தால் அதற்கு, வழியில் இரண்டு வேளைச் சாப்பாடு. இதையெல்லாம் புரோக்கரும் கணக்கில் எழுதியிருப்பார். டயரை எழுதியிருக்க மாட்டார். ஒரு ரேடியல் டயர் இருபதாயிரத்துக்கு மேல், வண்டிக்குப் பத்து, ஸ்டெப்னி வேறு. பின்னால் ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, போட்டு ஓட்டலாம், புது டயரில் மூன்றில் ஒரு பங்கு விலைதான். முன்னால் ரெண்டுக்கும் புது டயர்தான் போட வேண்டும். அதில் கஞ்சத்தனம் பார்த்தவர்களை நாற்கரச் சாலையில் கவிழ்ந்த நிலையில் பார்க்கலாம்.

டிரைவர் சம்பளம் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தைச் செலவில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த 60,000ல் 30,000 உங்கள் கூலி என்பதே மறந்துபோகும். லாரிக்கு இனாமாக ஓட்டிக்கொடுத்துவிட்டு லாபம் என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

7 ஜூலை, இரவு

ஒருவர் கேட்டிருக்கிறார்: சொந்த வண்டியில் நீ ஓனரா டிரைவரா? பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஓனர். செக்போஸ்ட்டில் டிரைவர். தவணை தேதியில் இரண்டும் இல்லை, போனை எடுக்காதவன்.

12 ஜூலை

நிற்காமல் ஓடுகிற லாரி இல்லை என்றேன், அந்த நிற்பதைப் பற்றி இப்போது சொல்கிறேன். இந்தத் தொழிலில் ஓட்டுவதற்குக் கூலி உண்டு, காத்திருப்பதற்குக் கூலி கிடையாது. நஷ்டம் முழுக்க அந்த இடத்தில்தான் பிறக்கிறது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஏற்றுகிற இடத்தில் முதல் வரிசை. சிமெண்ட் ஆலையானாலும் துறைமுகமானாலும் கேட்டுக்கு வெளியே டோக்கன் போட்டுவிட்டுக் கிடக்க வேண்டும். உள்ளே போனால் எடை, பில், மறுபடி எடை. இறக்குகிற இடத்தில் அடுத்த வரிசை. சென்னைக்குள் பகலில் கனரக வண்டிக்குத் தடை. விடியற்காலை ஊர் ஓரத்துக்கு வந்துவிட்டு ராத்திரி வரை காத்துக்கிடந்து, குடோனுக்குப் போனால் 'நாளைக்கு வாங்க, லேபர் இல்லை' என்பார்கள். அப்புறம் திரும்பும் லோடு. மாதவரத்தில் புக்கிங் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தால் மதுரைக்கு வரும், திருச்சிக்கு வரும், நம்மூருக்கு நேராக வருவது அபூர்வம். வந்தாலும் வாடகையைக் கேட்டால் டீசல் காசுக்குக் கொஞ்சம் கூட. போகும் வாடகையில் சம்பாதித்ததைத் திரும்பி வருவதில் விடாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம்.

ஒரு நாளைக்கு மேல் நின்றால் ஹால்டிங், அதாவது காத்திருப்புக் காசு, உண்டு என்று பேசித்தான் லோடு எடுப்போம். வாய்ப்பேச்சு. ஹால்டிங் கேட்டால் அடுத்த லோடு வராது. கேட்காமல் விட்டால் அடுத்த லோடிலும் நிற்க வைப்பார்கள். பெரிய கம்பெனிக்காரன் நாற்பது வண்டி வைத்திருக்கிறான், அவன் கேட்டால் கொடுப்பார்கள். ஒற்றை வண்டிக்காரன் கேட்டால், 'என்ன அண்ணாச்சி, நம்ம ஆளு நீங்களே இப்படிக் கேக்கலாமா?' அங்கே நான் எப்போது நம்ம ஆளானேன் என்று இன்று வரை தெரியவில்லை.

அதற்குள் தவணை மட்டும் நிற்காது. கறக்காத மாட்டுக்கும் தீனி போடத்தான் வேண்டும்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான ஈ-வே பில் இன்னொரு தொல்லை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலக்கெடு. முன்னால் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் இருந்தது, 2021 ஜனவரியில்தான் 200 ஆக்கினார்கள். ஓடும் வண்டிக்குச் சென்னை போக அது போதும். நடுவில் பின் அச்சு ஹவுசிங் உடைந்து திண்டிவனத்தில் கிடந்தால் பில் காலாவதி. காலாவதிக்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம், ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் ஆபீஸில் இருக்கிறார், ராத்திரி போன் எடுக்க மாட்டார். பிடிபட்டால் அபராதம் சரக்குக்கு. கட்டுகிற வரை கிடப்பது என் வண்டி. அதனால் லோடு ஏறியதும் பில்லைப் படம் எடுத்து, முடியும் நேரத்தைப் போனில் அலாரம் வைத்துவிடுகிறேன்.

14 ஜூலை

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் ஒருவர், 'வரிசையில் நிற்கும்போது தூங்கலாமே, அது ஓய்வுதானே' என்று எழுதியிருக்கிறார். வரிசை அரை மணிக்கொருமுறை ஒரு வண்டி நீளம் நகரும். தூங்கினால் பின்னால் இருப்பவன் முன்னால் போய்விடுவான். அது தூக்கமும் இல்லை, வேலையும் இல்லை.

சரி, அவர் சொன்னதில் ஒன்று உண்மை. கண்டெய்னர்காரர்களுக்கு வரிசை இன்னும் மோசம்.

20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் ஆரல்வாய்மொழியில் கவனம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்தக் கணவாய்க்காகவே சொன்னதுபோல இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடம், காற்று அந்தச் சந்துக்குள் நுழைந்து வருகிறது, அதனால்தான் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலை. லோடு வண்டியைவிடக் காலி வண்டிக்குத்தான் பயம், அதிலும் மூடிய பாடி என்றால் பக்கவாட்டில் தள்ளும். எதிரே பஸ் கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அடிக்கும், ஸ்டீயரிங் அப்போதுதான் இழுக்கும்.

தார்ப்பாயில் முன்பக்க மடிப்பு மேல்மடிப்பாக இருக்க வேண்டும். காற்று மடிப்புக்குள் புகுந்துவிட்டால் எந்தக் கயிறும் நிற்காது. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிடாத டிரைவர் குறைவு. கும்பிடுங்கள், கையோடு இறங்கிக் கயிற்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். அம்மன் காப்பாற்றுவாள், முடிச்சுப் போட மாட்டாள்.

3 ஆகஸ்ட்

தம்பி கேட்ட 10 வட்டிக்கு இப்போதுதான் வருகிறேன். அது ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். 11 லட்சத்துக்கு நாலு வருஷம் 10 என்றால் வட்டி மட்டும் 4,40,000. மொத்தம் 15,40,000, மாதம் 32,000 சொச்சம். முதல் மாதமே அசல் குறைய ஆரம்பித்துவிடும், ஆனால் வட்டியைக் கடைசி மாதம் வரை 11 லட்சத்துக்கே போட்டு வாங்குகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 10 என்பது 17க்கு மேல் போகிறது. வங்கியில் 12, 13 சொன்னால் 'ஐயோ அதிகம்' என்று தனியாருக்கு ஓடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வங்கி ஏன் கொடுப்பதில்லை? வருமானத்துக்குக் காகிதம் இல்லை என்பதால். அதற்கு வழி இருக்கிறது. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கு வருமான வரியில் தனியாக ஒரு பிரிவு. 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு, மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் என்று அவர்களே வைத்துக்கொள்வார்கள். 28.5 டன் வண்டிக்கு வருஷம் 3,42,000. பெரிய கணக்குப் புத்தகம் தேவையில்லை. புது வரி முறையில் அதற்கு வரியும் வராது. ரிட்டர்ன் மட்டும் வருஷா வருஷம் போட்டு வைத்தால் அடுத்த கடனுக்கு அதுதான் சாட்சி. பான் எண்ணோடு பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று எழுதிக்கொடுத்தால் வாடகையில் முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடிக்கவும் கூடாது. எழுதிக்கொடுத்த பிறகும் பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

வீட்டில் சொல்லச் சொன்னார்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் முதல் வருஷத் தவணைகளில் பாதி அவள் பீடி சுற்றிய காசு. முக்கூடல், கடையம் பக்கம் கேட்டால் இப்படி நிறைய லாரி ஓடியிருப்பது தெரியும். முகப்பில் 'அம்மா அப்பா ஆசி' என்று எழுதியிருப்போம், அவ்வளவுதான்.

17 ஆகஸ்ட்

'3,000 ரூபாய் பாஸ் வந்துவிட்டதே, இனி உங்களுக்கு என்ன கவலை அண்ணாச்சி?' என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் 15ல் வந்த அந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். லாரிக்குக் கிடையாது. அந்தக் கார்கள் வரிசையில் எனக்கு முன்னால் வேகமாகப் போகும் என்பது ஒரு ஆறுதல்.

30 ஆகஸ்ட்

ஓணம் வருகிறது. பாவூர்சத்திரத்துக் காய்கறி, களக்காட்டு ஏத்தன் காய் எல்லாம் சின்ன வண்டிகளில் புளியரை வழியாகப் பறக்கிற நேரம். எனக்கு அதில் வேலை இல்லை, நான் கொல்லத்துக்கு அரிசியும் சிமெண்டும்தான். செங்கோட்டை தாண்டினதும் எஸ் வளைவு. அங்கே ஏற்றத்தில் லோடு வண்டி நின்றுவிட்டால் ஆரியங்காவு வரைக்குமான கோபம் ஹாரனில் கேட்கும். இறக்கத்தில் கியரை நம்ப வேண்டும், பிரேக்கை அல்ல.

ஒருவர் நோக்குக்கூலி பற்றிக் கேட்டார். ஏற்றி இறக்காமல் பார்த்து நின்றதற்கே காசு. 2018 மே 1 முதல் கேரள அரசே ஒழித்துவிட்டது. நான் போகும் இடங்களில் இப்போது யாரும் பார்த்ததற்குக் கேட்பதில்லை. இறக்குவதற்கு அவர்கள் சொல்வதுதான் கூலி, பேரம் நடக்காது. ஆனால் ஒன்று, சொன்ன நேரத்தில் இறக்கிவிடுவார்கள். 'லேபர் இல்லை, நாளைக்கு வா' என்று சொல்லும் குடோனைவிட அதிகக் கூலி வாங்கி அன்றைக்கே விடுகிற இடம் எனக்கு லாபம். இதைச் சொன்னால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது.

திரும்பும் லோடுக்குப் பெரும்பாவூர் பிளைவுட் கிடைத்தால் நல்லது. இன்னொரு லோடும் கிடைக்கும், வாடகை தாராளமாகச் சொல்வார்கள், பில் கேட்டால் 'பழைய பேப்பர்' என்பார்கள், ராத்திரிதான் ஏற்றுவார்கள். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் மருத்துவக் கழிவு வந்து கிடந்ததும் அப்படித்தான். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது, கைதும் நடந்தது. நம் ஊர்க் குளத்தங்கரையில் கொட்டுவதற்கு நம் ஊர் வண்டி எதற்கு? காலியாக வாருங்கள் தம்பி. இதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

31 ஆகஸ்ட்

எம்-சாண்ட், ஜல்லி ஓட்டலாமே, தினமும் லோடு, தினமும் காசு, காத்திருப்பும் இல்லையே என்று ஒருவர். உண்மை. அதிக எடை ஏற்றினால்தான் அந்தக் கணக்கு கட்டும். பத்துச் சக்கரத்துக்கு 2018ல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்திக் கொடுத்தார்கள். அந்த உயர்வு வாடகையில் கரைந்துவிட்டது. எல்லோரும் மூன்று டன் கூட ஏற்ற ஆரம்பித்ததும் டன்னுக்கு வாடகையைக் குறைத்தார்கள். இப்போது அதற்கும் மேலே ஏற்றினால் பிடிபடும்போது 20,000, ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. பிடிபடாவிட்டால் ஸ்பிரிங் பட்டை, டயர், பிரேக் வழியாக வண்டியே வசூலித்துக்கொள்ளும்.

14 செப்டம்பர்

உடம்பு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். முதுகு எல்லோருக்கும். சிறுநீர்க் கல் பாதிப் பேருக்கு, ஏனென்றால் இறங்க இடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். சர்க்கரை. ராத்திரி எதிர் வெளிச்சத்தில் கண். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்தது, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அதில் இருந்தது. ஐந்து தொழிலாளர்களாவது இருந்த நிறுவனத்துக்குத்தான் அதுவும். என் நிறுவனத்தில் நான் ஒருவன். எனக்கு விடுப்பு மறுக்கும் முதலாளியும் நான்தான், அவரைப் பற்றிப் புகார் கொடுக்க இடமில்லை.

முன்பெல்லாம் கிளீனர் இருப்பான். பேச்சுத்துணை, ரிவர்ஸ் பார்க்க ஒரு குரல், ராத்திரி டேங்க் பக்கம் ஒரு கண். இப்போது ஒற்றை வண்டிக்காரனுக்குக் கட்டாது. தனியாகப் படுத்தால் டீசல் திருட்டு பயம், தார்ப்பாயைக் கிழித்து மூட்டை எடுக்கிற பயம். நான் வெளிச்சமான பெட்ரோல் பங்கில், டேங்க் மூடி சுவரை ஒட்டி வருகிற மாதிரி நிறுத்துவேன். கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி லோடு ஏற்றினால் அந்த பங்கிலும் நிறுத்த முடியாது, 'தள்ளிப் போ வே' என்று விரட்டிவிடுவார்கள். விரட்டுவது நியாயம்தான்.

தூக்கம் வந்தால் டீ, முகம் கழுவுதல், பாட்டு எதுவும் உதவாது. நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் படுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். 'காலை ஆறு மணிக்குள் வண்டி வந்தால்தான் இறக்குவோம்' என்று சொல்கிறவருக்கு மட்டும் தெரியாது. வந்த பிறகு மத்தியானம் இறக்குவார்.

24 செப்டம்பர்

தம்பி, இன்னும் வண்டி எடுக்கவில்லையே? நல்லதாகப் போயிற்று. 22ஆம் தேதியிலிருந்து புது லாரிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18. டயருக்கும் அப்படியே. சரக்கு வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 12லிருந்து 5. நம் எடை வண்டிக்குப் பிரீமியம் 44,000க்குப் பக்கம், அதில் மூவாயிரம் மிச்சம்.

இதில் உங்களுக்கு முக்கியம் வேறு. புது வண்டி விலை நூற்றுக்கு எட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தான் வேண்டும். விற்கிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார், 'நான் 28 கட்டி வாங்கினேன்' என்பார். அது அவர் பாடு. ஜூலையில் 15 லட்சம் சொன்ன அதே வண்டி இன்னும் விற்காமல் கிடந்தால் போய் மறுபடி கேளுங்கள். விற்றுவிட்டது என்றால் வருத்தப்பட வேண்டாம்.

24 செப்டம்பர், இரவு

புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 எடுத்தால் என்ன என்று கேட்டவருக்கு: மைலேஜ் கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், புகையைச் சுத்தமாக்க ஊற்றுகிற ஆட்புளூ செலவு சேரும். என் பயம் அதுவல்ல. சென்சார் ஒன்று கோளாறானால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மெக்கானிக் சாவியோடு வராமல் லேப்டாப்போடு வர வேண்டும். நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் ராத்திரி எந்த லேப்டாப் வரும்? மறுபக்கம், பி.எஸ்.4 விற்பனை 2020 மார்ச்சோடு முடிந்தது. இருப்பதில் இளையதே ஐந்து வயசு தாண்டியாயிற்று. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்.சி. (தகுதிச் சான்று), அப்புறம் வருஷா வருஷம். எஃப்.சி. என்றால் பெயிண்ட், ஒளிரும் ஸ்டிக்கர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று வண்டி ஒரு வாரமாவது ஒர்க்‌ஷாப்பில் படுக்கும். மறுபடி நிற்பது.

இரண்டுக்கும் நடுவில் எனக்கே மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. ஜூலையில் கேட்டிருந்தால் பி.எஸ்.4 என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இப்போது வேலை தெரிந்த பையன்கள் எல்லோரும் லேப்டாப் பக்கம் போகிறார்கள். பழைய எஞ்சின் கை தெரிந்தவர்களுக்கு வயசாகிறது.

2 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளப்பியாயிற்று. அதே நாளிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கெல்லாம் ஏ.சி. கேபின் கட்டாயம். என் மாமா சொன்னார்: 'ஏல, ஏ.சி. போட்டா தூங்கிர மாட்டியா?' மாமா அந்தக் காலத்தில் எஞ்சின் சூட்டில் கால் வெந்து ஓட்டினவர். ஜூன் மாசம் சாத்தூர் வெயிலில் ஓட்டிவிட்டு இதைப் பேசலாம். பழைய வண்டிக்காரர்களுக்கு வழக்கம்போலத் துண்டும் மோர் பாட்டிலும்தான்.

26 அக்டோபர்

மழை தொடங்கிவிட்டது, அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புகிறேன். 2023 டிசம்பர் 17, 18ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியபோது நான் தூத்துக்குடியில் உப்பு ஏற்றக் காத்திருந்தேன். உப்பளமே கரைந்து போனது, லோடு எங்கே? ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது, நம் லாரி எந்த மூலைக்கு? ரோடு திறக்கும் வரை மேட்டில் ஏற்றிய வண்டியும் வரிசையாக நாங்களும். சாப்பாடு கொடுத்தது பக்கத்துத் தெருப் பெண்கள்.

பக்கத்தில் நின்ற ஒருவர் தண்ணீர் வடிந்ததும் அவசரத்தில் செல்ஃப் அடித்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. முழுக் காப்பீடு இருந்தும், வெள்ளத்தில் வந்த சேதம் வேறு, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்று காப்பீட்டுக்காரர் பிரித்துவிட்டார். வண்டி மூழ்கினால் பேட்டரியைக் கழற்றுங்கள், படம் எடுங்கள், தொடாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

உப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய வண்டி வாங்கும்போது அது உப்பு ஓட்டிய வண்டியா என்று பாருங்கள். விற்கிறவர் சொல்ல மாட்டார், சேசிஸ் சொல்லும். பாடிக்கு அடியில் போய், சேசிஸின் உள்பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். ஏடு ஏடாகத் துரு உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மேலே எல்லாம் மங்கிக் கிடக்க சேசிஸ் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தால் அதற்கும் அதே பதில்.

9 நவம்பர்

தம்பி நேற்று எழுதியிருந்தார். பழைய வண்டி விற்றுவிட்டது, கயத்தாறு பக்கம் வேறொன்று 13 லட்சத்துக்கு வருகிறதாம். மாமனார் நகை தருகிறார், கடன் 7 லட்சம் போதுமாம். முந்தைய முதலாளி மாதம் எட்டு லோடாவது தருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது எனக்குப் பழைய தயக்கம் இல்லை. கடன் குறைந்ததற்காக மட்டும் சொல்லவில்லை. எட்டு லோடு கையில் இருக்கிறவன் புக்கிங் ஆபீஸ் வாசலில் பாதி நாள்தான் உட்காருவான். அந்த எட்டுக்கும் அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எத்தனை நாளில் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நல்லவராக இருந்தால் எழுதித் தருவார். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தானே? சரக்கு இறக்கியதற்கான ஒப்புகை காப்பி வரவில்லை என்று என் பாக்கியை மாதக்கணக்கில் வைத்திருந்த ஒரு ஆபீஸ் உண்டு. காப்பி அவர்கள் மேஜையிலேயே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

டெல்லி லோடு கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால்: இந்த மாதம் முதல் தேதியிலிருந்து வெளிமாநில பி.எஸ்.3 சரக்கு வண்டிக்கு டெல்லிக்குள் அனுமதி இல்லை, பி.எஸ்.4க்கு 2026 அக்டோபர் வரைதான். தேசிய பர்மிட் வருஷத்துக்கு 16,500 கட்டுகிறோம், தேசம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா பாருங்கள், 'என்.ஓ.சி. வந்துவிடும்' என்ற பேச்சை ஏற்க வேண்டாம். நிலுவை இ-சலானும் காலாண்டு வரியும் விற்கிறவர் தீர்க்க வேண்டும். அப்புறம் வண்டியைக் காலியாக எடை மேடையில் ஏற்றுங்கள். ஆர்.சி.யில் காலி எடை 9 டன் என்று இருந்து மேடை 10 டன் காட்டினால், யாரோ கனத்த இரும்பில் பாடி கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு லோடிலும் ஒரு டன் வாடகை உங்களுக்கு வராது. அதை வைத்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். எடைச் சீட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பேரத்துக்கு உதவும்.